பிள்ளைகளுடன் பட்டணப் பிரயாணம்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் அங்கத்தினர் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. "இந்த லீவுக்கு நாம் எங்கே போகிறோம்?" என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் சிறுவர் சிறுமியர். விடை கூற வேண்டியவர்களோ தறிக்குழியில் கால் வைத்திருக்கும் தந்தையும், மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருக்கும் தாயும் ஆவர். முன்னாளில் விடை எளிதாக இருந்தது. அம்மாயி ஊர், பழனி, மருதமலை இவற்றுள் ஒன்றைச் சொன்னால் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். இப்போது அவ்வாறில்லை. உடன் படிக்கும் பிள்ளை சென்னைக்குச் சென்று கடலைப் பார்த்து வந்த செய்தியை வகுப்பிலே சொல்லக் கேட்டு வந்து, நம் பிள்ளையும் அதையே கேட்கின்றது. கேட்பதில் தவறு யாதும் இல்லை.

சரவணம்பட்டிப் பகுதியிலே இக்கேள்விக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சத்தியமங்கலம் சாலையில் அமைந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டிலே கோவை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. சோளமும் பருத்தியும் விளைந்த காடுகளில் இன்று கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. 2017 முதல் அதே சாலையில் பெரியதோர் அங்காடி மாளிகையும் இயங்கி வருகின்றது. "பட்டணமே நம் வாசலுக்கு வந்துவிட்டது, அதைத் தேடி நாம் வேறு போக வேண்டுமா?" என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வியே. ஆனால் வாசலுக்கு வந்திருப்பது பட்டணத்தின் கடைத்தெரு மட்டுமே என்பது நம் கருத்து. நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கி, குளிர்ந்த அறையில் தின்பண்டம் வாங்கித் தருவதற்காக ஐந்நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டுவதில்லை. அங்கே சென்றால்தான் காண இயலும் என்ற பொருள் ஒன்று இருந்தாலன்றிப் பிரயாணம் வீண் செலவேயாகும். அப்பொருள் யாது என்பதைப் பின்னர்க் கூறுவோம். முதலில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கின்றது. கூட்டுறவு இலாகாவில் பணிபுரிவோர் வேறெதையும் முதலிற் பேசினால் அங்கத்தினர்கள் நம்பமாட்டார்கள்.

கடன் ஏடுகளைப் பார்வையிடும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. பயிர்க்கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவர் எந்நாளும் தவணை தவறாதவர். ஓராண்டு மட்டும் பாக்கி விழுந்திருக்கும். மழை பொய்த்ததா, பூச்சி விழுந்ததா என்று விசாரித்தால் இரண்டும் இல்லை. உரத்துக்கும் விதைக்கும் என்று வாங்கிய தொகையில் ஒரு பகுதி, குடும்பத்தோடு ஊர் சுற்றி வந்ததிலே கரைந்துபோயிருக்கும். பயிருக்கு இட வேண்டிய மேலுரம் குறைந்தது, மகசூலும் குறைந்தது, தவணை தவறியது. நம் மாநிலத்தில் பயிர்க்கடனை உரிய தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. தவறியவருக்கோ அச்சலுகை இல்லை. ஆகவே மூன்று நாள் பிரயாணத்திற்கு அவர் கொடுத்த விலை, அவர் நினைத்த விலையைவிட மிகப் பெரிது. நெசவாளர் இல்லங்களில் இதே கதை வேறு உருவத்தில் நடைபெறுகின்றது. அடுத்த பாவுக்கு உரிய கூலியை முன்பணமாகப் பெற்றுச் செலவழித்துவிட்டு, திரும்பி வந்து இரவு பகலாகத் தறியில் அமர்ந்து அதைக் கழிக்கின்றார்கள். பிள்ளைகள் மகிழ்ந்த மகிழ்ச்சியெல்லாம் தந்தையின் முதுகுவலியில் முடிந்துவிடுகின்றது.

இதற்காகப் பிரயாணமே வேண்டா என்று நாம் சொல்லவில்லை. கடன் வாங்கிச் செல்ல வேண்டா, சேர்த்து வைத்துச் செல்க என்றே சொல்கின்றோம். இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டிகள் நம்மைப் போன்ற நெசவுத் தொழிலாளர்களே. கோவைக்குத் தென்னாட்டு மான்செஸ்டர் என்ற பெயர் உண்டல்லவா? அந்த மான்செஸ்டரைச் சூழ்ந்த லங்காஷயர் மாகாணத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆண்டுக்கொரு முறை ஆலைகள் திருவிழாவை ஒட்டி மூடப்படும். அவ்வாரத்தில் குடும்பத்தோடு கடற்கரை ஊர்களுக்குச் செல்வதற்கென்றே, தெருவுக்குத் தெரு, ஆலைக்கு ஆலை, சேமிப்புக் கழகங்களை அமைத்தார்கள். வாரக் கூலியிலிருந்து சில நாணயங்களை அதிலே போட்டுவைப்பார்கள். விடுமுறைக்கு முன் தொகை கைக்கு வரும். விடுமுறை நாட்களுக்குக் கூலி கிடையாத காலம் அது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அதே மாகாணத்தில் கோல்ன் என்னும் நெசவு ஊரில் சமய போதகராக இருந்த டி. ஏ. லெனார்டு என்பவர், கடற்கரைக் கேளிக்கைகளிலேயே தொழிலாளரின் சேமிப்பு முழுதும் செலவழிவதைக் கண்டு வருந்தினார். 1891இல் தம் ஊர் இளைஞர்கள் சிலரை ஏரிகளும் மலைகளும் நிறைந்த பகுதிக்கு அழைத்துச் சென்றார். அம்முயற்சி வளர்ந்து 1893இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பாயிற்று. ராச்டேல் நெசவாளர்கள் 1844இல் நிறுவிய பண்டகசாலையைப் பற்றி நம் அங்கத்தினர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். அவர்களது பேரப்பிள்ளைகள் காலத்து விடுமுறைக் கழகங்களைப் பற்றி ஏனோ நாம் பேசுவதில்லை.

நமக்கு வேண்டியதும் அதுபோன்ற ஏற்பாடே. அதற்குப் புதிய சட்டமோ, புதிய சங்கமோ தேவையில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, கூட்டுறவு வங்கிக் கிளையிலோ தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். ஏலச் சீட்டிலே போட்டு எடுத்துக்கொள்வோம் என்று சிலர் எண்ணக்கூடும். பதிவு செய்யப்படாத சீட்டில் போட்ட பணம் எத்தனை பேருக்குத் திரும்பி வந்தது என்பதை நம் பகுதி மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எவ்வளவு சேர்க்க வேண்டும்? தாய், தந்தை, பதின்மூன்று வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன் ஆகிய நால்வர் சென்னைக்குச் சென்று இரண்டு இரவுகள் தங்கி வருவதாகக் கொண்டு ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ரயில் கட்டணம் போக வர 2,700 ரூபாய், தங்கும் அறைக்கு 3,600, உணவுக்கு 3,600, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 1,500, நுழைவுக் கட்டணங்களுக்கு 600, பொருள் வாங்க 1,000, கைக்காவலாக 2,000. ஆகக் கூடுதல் 15,000 ரூபாய். மாதம் 1,250 வீதம் பன்னிரண்டு மாதங்களில் இது சேர்ந்துவிடும், வட்டி தனி. விலைவாசிக்கு ஏற்ப இத்தொகை ஏறலாம், இறங்கலாம். ஆனால் கைக்காவல் என்ற தலைப்பை மட்டும் எவரும் அடித்துவிட வேண்டா. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், ரயில் தவறினாலும் கைகொடுப்பது அதுவே. மாதம் 1,250 இயலாது என்போர் 625 வீதம் இரண்டாண்டு சேர்க்கட்டும். பிள்ளைகளிடம் இதனை மறைக்கவும் வேண்டுவதில்லை. வைப்புப் புத்தகத்தை அவர்களிடமே கொடுத்து மாதந்தோறும் பார்க்கச் சொன்னால், "எப்போது போகிறோம்?" என்ற நச்சரிப்பு நின்றுபோகும். விடை அவர்கள் கையிலேயே இருக்கின்றது.

எப்போது செல்வது என்பது நம் இரு தொழிலாருக்கும் சற்றுச் சிக்கலான விஷயம். காலாண்டு விடுமுறை வரும் காலம், தீபாவளிச் சரக்குக்காகத் தறிகள் ஓய்வின்றி ஓடும் காலம். கோடை விடுமுறையிலே சென்னை வெயிலும் கடற்காற்றின் புழுக்கமும் பிள்ளைகளை வாட்டிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்நகரம் வெள்ளத்தில் மிதந்ததை மறப்பதற்கில்லை. ஆகவே அரையாண்டுத் தேர்வுக்குப் பிந்திய டிசம்பர் இறுதி வாரமே நமக்கு ஏற்றது எனலாம். தீபாவளி நெசவு முடிந்திருக்கும். பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்து நெசவு கையில் உள்ளவர்கள் மட்டும் தம் ஒப்படைப்புத் தேதியைச் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு நாள் குறிக்க வேண்டும். பாவு முடிந்து துணியை அறுத்த பின் புறப்படுவதே நெசவாளருக்கு நிம்மதி. பாதிப் பாவைத் தறியில் விட்டுச் சென்றவர், கடற்கரையில் நின்றாலும் மனம் எலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்.

விவசாயிகளுக்கோ தறியைவிடப் பெரிய கட்டு, கறவை மாடு. மூன்று நாள் பால் கறவாமல் விட இயலாது. புது ஆள் கை வைத்தால் சில மாடுகள் கறக்க விடா. பங்காளி வீட்டாரோடு முன்கூட்டியே பேசி, இம்முறை உங்கள் மாட்டை நாங்கள் பார்க்கிறோம், அடுத்த முறை எங்கள் மாட்டை நீங்கள் பாருங்கள் என்று ஏற்பாடு செய்துகொண்ட இரு குடும்பங்களை நாம் அறிவோம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவ்வீட்டுப் பெண்மணி வந்து உடனிருந்து கறந்து பழக்கிக்கொண்டார். கூட்டுறவு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நம் பயிற்சிப் பாடங்களிலும் நாம் கண்டதில்லை.

இனி ரயில் விஷயம். முன்பு 120 நாட்களுக்கு முன்பாகவே முன்பதிவு செய்ய இயலும். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து அது 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. டிசம்பர் 26ஆம் தேதி புறப்பட விரும்புவோர் அக்டோபர் 27ஆம் தேதி காலை 8 மணிக்கே பதிவு செய்ய ஆயத்தமாக இருக்க வேண்டும். விடுமுறை நாட்களில் ஒரு நாள் தாமதித்தாலும் காத்திருப்போர் பட்டியலே கிடைக்கும். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேளாவிடில் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளைக்குப் படுக்கை கேளாவிடில் அரைக் கட்டணம். தனிப் படுக்கை கேட்டால் 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். இருக்கை வகுப்புகளில் இவ்வரைச் சலுகை கிடையாது. ஒன்பது வயதுப் பையனைத் தாயின் படுக்கையிலேயே ஒண்டிக்கொள்ளச் செய்து சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் இருவரும் உறங்காமல் மறுநாளைக் கெடுத்துக்கொள்வார்கள். சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

போகும்போது பகல் வண்டியிலும், திரும்பும்போது இரவு வண்டியிலும் வருவது நலம் என்பது நம் யோசனை. இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ் கோவையிலிருந்து காலையிற் புறப்பட்டுப் பிற்பகலில் சென்னை சென்ட்ரல் சேர்கின்றது. அது செல்லும் வழியே ஒரு பாடப் புத்தகம். திருப்பூரின் பின்னலாடைக் கூடங்கள், ஈரோட்டை அடுத்துக் காவிரிப் பாலம், சேலத்து மலைகள், ஜோலார்பேட்டைச் சந்திப்பு, காட்பாடி, அரக்கோணம் என்று பிள்ளைகள் சன்னலோரத்திலேயே இருந்துவிடுவார்கள். பிற்பகலில் சேர்வதால் மற்றொரு வசதியும் உண்டு. விடியற்காலையில் இறங்கினால் தங்கும் விடுதியில் அறை கிடைக்க நண்பகல் வரை மூட்டையோடு காத்திருக்க நேரும், அல்லது ஒரு நாள் வாடகை கூடுதலாகக் கொடுக்க நேரும். திரும்பும்போது சேரன், நீலகிரி ஆகிய இரவு வண்டிகள் இருக்கின்றன. பேருந்தில் செல்வோர், சென்னையில் எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதை முன்பே கேட்டறிய வேண்டும். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. அது நகரத்தின் நடுவிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. பகல் வண்டிக்கு வீட்டிலிருந்து கட்டுச்சோறு கட்டிச் செல்வது நம் வழக்கம். அதை விடவேண்டிய காரணம் யாதும் இல்லை. புளிச்சோறு கெடாது. தயிர்ச்சோற்றை நண்பகலுக்குள் உண்டுவிட வேண்டும்.

அறை எழும்பூர்ப் பக்கத்தில் அமைந்தால் நல்லது. அதன் காரணம் அடுத்துச் சொல்லப்போகும் செய்தியில் அடங்கியிருக்கின்றது.

சென்னைக்குச் சென்று காணவேண்டிய பொருள் யாது என்று முன்பு கேட்டோம். நெசவாளர் பிள்ளைக்கு நம் விடை இது. அந்த நகரமே துணிக்காகப் பிறந்த நகரம். 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே என்பவர், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கடற்கரையில் ஒரு மணல்வெளியைப் பெற்றார். அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நிற்க, படகுகளில் அலைகளைக் கடந்துதான் கரைக்கு வர இயலும். அத்தகைய இடத்தை அவர் ஏன் தெரிந்தெடுத்தார்? அவ்வட்டாரத்தில் நல்ல பருத்தித் துணி பிற இடங்களைவிட மலிவாகக் கிடைக்கும் என்று கண்டதே முதற் காரணம். அவ்வாறு எழுந்ததே புனித ஜார்ஜ் கோட்டை. துணியை வெளுப்பதற்காகக் குடியேற்றப்பட்டோர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. பின்னர்த் துணி போதாமற்போகவே, 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கூவம் ஆற்றின் கரையில் நூல் நூற்போரையும் நெய்வோரையும் குடியமர்த்தி ஓர் ஊரையே உண்டாக்கினார். சின்னத் தறிப்பேட்டை என்று வழங்கிய அவ்வூர்தான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. தறியோசையை இன்று அங்கே எதிர்பார்த்துச் செல்ல வேண்டா. ஆனால் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படித்து, "இது நம் தறிதான்" என்று பையனுக்குச் சொல்லலாம்.

இது வெறும் சரித்திரச் செய்தி அன்று. தந்தை நெய்பவர் என்று வகுப்பிலே சொல்லக் கூசும் பிள்ளைகளை நாம் அறிவோம். கண்ணாடி மாளிகையில் வேலை செய்வோரின் பிள்ளைகள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் சரவணம்பட்டிப் பள்ளிகளில் இக்கூச்சம் மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. தறியும் பட்டணமும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று அப்பிள்ளை எண்ணியிருக்கின்றது. கோட்டை வாசலில் நின்று இக்கதையைக் கேட்டால் அவ்வெண்ணம் சிறிதாவது மாறக்கூடும்.

இனி எழும்பூர். பாந்தியன் சாலையில் 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கின்றது. அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உலகப் புகழ் பெற்றவை. பிள்ளைகளோ திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் முன்னால்தான் வெகு நேரம் நிற்பார்கள், நிற்கட்டும். பெரிய பெண்ணுக்கு நாணயங்களைக் காட்டலாம். நம் கோவையை அடுத்த வெள்ளலூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோமானிய நாணயப் புதையல்கள் கிடைத்தன என்பதையும், கொங்கு நாட்டு வழியே கடல் கடந்த வாணிகம் நடந்தது என்பதையும் அங்கே நின்று சொன்னால் மனத்தில் பதியும். அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்ததும் அதே சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்குச் செல்க. 1935இல் தொடங்கப்பட்ட நம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகம் அதுவே. மாநிலமெங்கும் உள்ள உறுப்புச் சங்கங்களின் சரக்குகள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். புவிசார் குறியீடு பெற்ற நம் கோவைக் கோராச் சேலையைப் பிள்ளையே கேட்டு எடுத்துக் காட்டச் சொல்லட்டும்.

அப்போது பிள்ளை விலைச்சீட்டைப் படிக்கும். "அப்பாவுக்குக் கூலி இவ்வளவுதானே, இங்கே விலை ஏன் இவ்வளவு?" என்று கேட்கும். கேட்காவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும். பட்டு, பருத்தி நூல், சாயம், சரிகை, போக்குவரத்து, கடைச் செலவு, பண்டிகைத் தள்ளுபடி என்று ஒவ்வொன்றாக விளக்கலாம். விளக்கிய பின்னும் கூலி குறைவு என்றே அப்பிள்ளை முடிவு கட்டினால், அதனை மறுத்துப் பேசப் பெற்றோர் முயல வேண்டா. நிர்வாகக் குழுவிலும் பேரவையிலும் அக்கேள்வி எழுந்துகொண்டுதான் இருக்கின்றது.

மற்றொரு நாளைக்கு ஒரே இருப்புப்பாதையை நம்பலாம். பறக்கும் ரயில் என்று மக்கள் வழங்கும் மேம்பாலப் பாதை 1995இல் தொடங்கி, 2007இல் வேளச்சேரி வரை நீண்டது. கடற்கரை நிலையத்திலிருந்து கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, கோட்டூர்புரம் என்று அது செல்கின்றது. கட்டணம் சொற்பம். அலுவலக நேர நெரிசல் தணிந்தபின் ஏறினால் நகரத்தின் கூரைகளை எல்லாம் பிள்ளைகள் மேலிருந்து பார்க்கலாம். கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தைக் கண்டு தொடங்குக. தலைமைச் செயலகமும் அங்கேயே இருப்பதால் காவலர் சோதனை உண்டு. அடையாள அட்டை அவசியம். கோட்டை அருங்காட்சியகமும் எழும்பூர் அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமைகளில் திறப்பதில்லை. வெள்ளியன்று சென்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் பல.

திருவல்லிக்கேணியில் நம் அங்கத்தினர்கள் தம் பொருட்டே இறங்க வேண்டும். 1904இல் அங்கே தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை என்ற பெருமை உடையது. நூறாண்டு கடந்தும் அதன் கடைகள் நடைபெறுகின்றன. பிள்ளைகளுக்கு இதிலே பார்க்கத்தக்கது ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டால் கடலைமிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்லலாம்.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கின்றது. குழந்தைகளுக்கென்றே ஒரு பெரும் பகுதி. அதன் நடுவே ஒரு செயற்கை மரம். மரத்தடியில் அமர்ந்து படிக்கும் நகரத்துப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளும் ஒரு மணி நேரம் அமரட்டும். அருகிலேயே 1988 முதல் இயங்கும் பிர்லா கோளரங்கம். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிக் காட்சிகள் உண்டாதலின், தமிழ்க் காட்சியின் நேரத்தை முதலிற் கேட்டுக்கொண்டு நூலகத்துக்குச் செல்வது உசிதம். நடுப்பகல் வெயிலை இவ்விரண்டிலும் கழித்துவிடலாம்.

விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு வேறு ஓர் இடம் உண்டு. 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அதிகாலையில் தந்தையோடு அங்கே சென்றால், மேட்டுப்பாளையம் வழியாக வந்த நீலகிரிக் காய்கறிகளை மூட்டை மூட்டையாகக் காணலாம். தோட்டத்தில் விற்ற விலையும் அங்கே சொல்லும் விலையும் பிள்ளையின் காதில் விழட்டும். லாரிகளின் நெருக்கத்தில் கையை விடலாகாது. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லவே வேண்டா. சைதாப்பேட்டையைக் கடக்கும்போது ஒரு செய்தி சொல்லலாம். 1868இல் அங்கே தொடங்கிய வேளாண்மைப் பள்ளியே 1906இல் கோவைக்கு இடம் பெயர்ந்து, 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. கோவையின் பல்கலைக்கழகத்தில் உள்ள பூச்சி அருங்காட்சியகத்தை, சென்னைக்குச் செல்வதற்கு ஓரிரு மாதம் முன்னர் ஒத்திகையாகப் பார்த்து வருவது நன்று. பிள்ளைகள் எவ்வளவு நேரம் நடப்பார்கள், எப்போது பசிக்கும், யார் முதலில் சிணுங்குவார்கள் என்பதெல்லாம் உள்ளூரிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றோம். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம்; அதற்குமேல் வேண்டா. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ஒரு நாள் முழுதும் வேண்டும். இரண்டு நாள் மட்டும் தங்குவோர் அதை அடுத்த பிரயாணத்துக்கு ஒத்திவைப்பதே முறை. கிண்டி பாம்புப் பண்ணைக்குச் செல்ல விரும்புவோர் அது செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவிற் கொள்க. எவ்விடம் என்பதைப் பெற்றோர் மட்டும் முடிவு செய்யாமல், ஒவ்வொரு பிள்ளையும் ஓரிடத்தைத் தெரிந்தெடுக்க விடுவது நல்லது. ஒன்பது வயதுப் பையன் பாம்பையே கேட்பான். அக்காள் முகம் சுளிப்பாள். வீட்டிலேயே அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டு புறப்பட்டால் நடுத்தெருவில் தீர்க்க நேராது.

கடலை மாலையிற் பார்ப்பதே நலம். அலையில் கால் நனைக்கலாம், இறங்கிக் குளிக்கலாகாது. மெரினாவில் நீரோட்டம் வலிது. வாய்க்காலிலும் கிணற்றிலும் நீந்தப் பழகிய நம் பகுதிப் பிள்ளைகளுக்கு நீரச்சம் குறைவு. அதனாலேயே அவர்களுக்கு ஆபத்து அதிகம். கிணற்று நீர் நிற்பது, கடல் இழுப்பது. தந்தையின் கைப்பேசி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வைத்துவிட வேண்டும். காணும் பொங்கலன்று அங்கே காவலர்களே பிள்ளைகளின் கையில் எண் எழுதிய பட்டை கட்டிவிடுவது வழக்கம். கூட்டம் அவ்வளவு பெருகும் நாளில் வெளியூரார் அங்கே செல்லாமலிருப்பதே மேல்.

பெரிய பெண்ணிடம் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, அன்றாட வரவு செலவை எழுதும் பொறுப்பை ஒப்படைக்கலாம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, நாள் முடிவில் கையிருப்பு. இரவில் அறைக்கு வந்ததும் தந்தையின் பையில் உள்ள தொகையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் பத்து இருபது ரூபாய் இடிக்கும். ஆட்டோவுக்குக் கொடுத்த சில்லறையை யாரோ சொல்லாமல் விட்டிருப்பார்கள். இரண்டாம் நாள் சரியாகிவிடும். ஊர் திரும்பியபின் அந்நோட்டைப் பழைய புத்தகங்களோடு போட்டுவிடாமல், சங்கத்திற்கு வரும்போது எடுத்து வந்து காரியதரிசியிடம் காட்டினால், அடுத்த ஆண்டு செல்ல இருக்கும் குடும்பத்தாருக்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எவ்வளவு ஆயிற்று என்பது உள்ளபடி தெரிய வரும்.